முனுசாமி மகள் தனலட்சுமிக்கு பாஸ்போர்ட் கிடைச்ச கதை

ஆடி வெள்ளிக்கு நம்ம மாரியம்மா வாசல்ல கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மைக்ல பேசிப் பழக்கமில்லை. கார்மெண்ட்ஸ்ல தையல் மெஷின் சத்தத்துலயே இருபது வருஷம் ஓட்டினவ நான். பூஜைக் கமிட்டி அக்காங்க ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க, நடந்ததை எல்லார் முன்னாடியும் சொல்லுன்னு. இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு. அழுதா பொறுத்துக்குங்க.

நாலு வருஷத்துக்கு முன்னால, 2002, சித்திரை மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்க வீட்டுல அப்போ போன் கிடையாது. தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குத்தான் எங்களுக்குப் போன் வரும். சிங்கப்பூர்ல இருந்து லைன்ல இருக்காங்கன்னு கடைக்காரர் சொல்லி அனுப்பினாரு. அரிசி களைஞ்ச கையோட ஓடினேன். என் தங்கச்சி மஞ்சுளாதான் பேசுவான்னு நெனச்சேன். பேசினது அவ வீட்டுக்காரர் குமரேசன். அங்க பஸ் ஓட்டுறவரு. நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசாத மனுஷன்.

"அக்கா, மஞ்சுவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. ஆறு மாசமா டயாலிசிஸ்ல இருக்கா. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. இனிமே மறைக்க முடியாது."

நான் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அவரே சொன்னாரு, "என்னோடதைக் கொடுக்கலாம்னு பார்த்தேன். சேரலை. கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு டாக்டர் கேக்கறாரு."

கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். எங்க அம்மா போறப்போ மஞ்சுவுக்குப் பன்னெண்டு வயசு, எனக்கு இருபது. அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, பெரியவளானப்போ பக்கத்துல உக்காந்து, தாலி கட்டினதும் ஏர்போர்ட் வரைக்கும் போய் வழியனுப்பினவ நான். அக்கான்னுதான் கூப்பிடுவா. ஆனா அவளுக்கு நான் அம்மா.

"நான் தர்றேன்"னு சொல்லிட்டேன். வீட்டுக்காரரைக் கேக்கணும்னு கூடத் தோணலை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவரு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டாரு. என் வீட்டுக்காரர் பேரு செல்வம், கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கெட்டவர் இல்லை. பயந்துட்டாரு.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா சுதாவுக்கு யாரு?"ன்னாரு. சுதா எங்க பொண்ணு. அப்போதான் பத்தாவது முடிச்சிருந்தா.

"மஞ்சுவுக்கு யாருங்க?"ன்னு நான் கேட்டேன்.

ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் காலையில, "பிளட் டெஸ்ட் எங்க எடுக்கணும்னு கேட்டியா?"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லலை அந்த மனுஷன்.

ரத்தம் எல்லாம் இங்கயே எடுத்து ரிப்போர்ட்டை அங்க அனுப்பினோம். நல்ல பொருத்தம்னு பதில் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சந்தோஷமா தூங்கினேன். கஷ்டம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கஷ்டம் அப்போதான் ஆரம்பிச்சுது.

சிங்கப்பூர் போகணும்னா பாஸ்போர்ட் வேணும். மஞ்சுவைத் தவிர எங்க வம்சத்துல யாரும் அதைக் கையில பிடிச்சதில்லை. அதோட இன்னொண்ணும் இருந்துச்சு. அங்க ஆஸ்பத்திரியில ஒரு கமிட்டி இருக்காம். பணத்துக்காக யாரையாவது கூட்டிட்டு வந்து அக்கா, தங்கச்சின்னு சொல்லி கிட்னி எடுக்கிறாங்களேன்னு அவங்களுக்குப் பயம். அதனால என் பாஸ்போர்ட்லயும் மஞ்சு பாஸ்போர்ட்லயும் அப்பா பேரு, அம்மா பேரு ஒண்ணா இருந்தே ஆகணும்னு குமரேசன் சொன்னாரு.

இதுல என்ன இருக்கு, ஒரே அப்பாதானேன்னு நெனச்சேன்.

மஞ்சு பெரியாஸ்பத்திரியில பொறந்தவ. அவ பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரு முனுசாமின்னு சரியா இருந்துச்சு. பாஸ்போர்ட்லயும் அப்படியே வந்துடுச்சு. நான் வீட்டுல பொறந்தவ. மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம். எனக்கு பர்த் சர்டிபிகேட் எங்க இருந்து வரும்? நான் படிச்ச கார்ப்பரேஷன் ஸ்கூல்ல போய் டி.சி. காப்பி வாங்கினேன். ஏழாவது வரைக்கும் படிச்சவ நான். வாங்கிப் பார்த்தா, 'தனலட்சுமி, தந்தை பெயர் முனிசாமப்பா'ன்னு இந்த ஊரு பாஷையான கன்னடத்துல இருக்கு.

"இது யாருங்க முனிசாமப்பா?"ன்னு ஹெட்மாஸ்டரைக் கேட்டேன்.

அவரு சிரிச்சாரு. "அந்தக் காலத்துல ரிஜிஸ்டர் எழுதினவரு கன்னடக்காரர் அம்மா. முனுசாமின்னு உங்கப்பா சொல்லியிருப்பாரு. அவரு வாயில முனிசாமப்பான்னுதான் வந்திருக்கும். நம்ம பக்கத்துல பாதிப் பேருக்கு இப்படித்தான்."

இத்தனை வருஷமா அந்தப் பேரு என்னை ஒண்ணும் பண்ணலை. இப்போ கழுத்தைப் பிடிச்சுது.

ரேஷன் கார்டுல வீட்டுக்காரர் பேருதான் இருக்கு, அப்பா பேரு இல்லை. அப்பா 1990லயே போயிட்டாரு. அவரு பேர்ல ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது வீட்டுல. சுதா உக்காந்து அப்ளிகேஷனை இங்கிலீஷ்ல எழுதினா. தந்தை பெயர்னு இருந்த கட்டத்துக்கிட்ட வந்ததும் பேனாவை நிறுத்திட்டா. "அம்மா, எந்தத் தாத்தாவை எழுதட்டும்?"னு கேட்டா. அவ விளையாட்டாத்தான் கேட்டா. முனுசாமின்னே எழுதச் சொன்னேன். பொய் எழுதக் கூடாது இல்லையா.

வைகாசி மாசம், விடியக்காலையிலயே வீட்டுக்காரர் போய் பாஸ்போர்ட் ஆபீஸ்ல எனக்காக வரிசையில நின்னாரு. நான் ஒம்பது மணிக்குப் போனேன். கவுண்டர்ல இருந்தவரு நல்லவர்தான். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒரு பேரு, அப்ளிகேஷன்ல ஒரு பேரு. ரெண்டும் ஒரே ஆளுன்னு காட்ட சர்க்கார் பேப்பர் ஏதாவது கொண்டு வாங்கம்மா. பழைய பேப்பரா இருந்தா நல்லது. அதுக்குள்ள போலீஸ் விசாரணை நடக்கட்டும்"னாரு. அவசரம்னு அழுதேன். அவசரமா எடுக்கிறதுக்குத் தத்கால் இருக்கு, ஆனா பெரிய அதிகாரி ஒருத்தர் உங்களைத் தெரியும்னு எழுதிக் கொடுக்கணும்னாரு. பெயிண்டர் பொண்டாட்டிக்கு எந்தப் பெரிய அதிகாரியைத் தெரியும்?

ஒரு மாசம் அலைஞ்சேன். ரேஷன் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், அப்பா ஓட்டுப் போட்ட பழைய லிஸ்ட் கிடைக்குமான்னு ஒரு ஆபீஸ். லீவு போட்டுப் போட்டு சூப்பர்வைசர்கிட்ட பேச்சு வாங்கினேன். எங்கயும் முனுசாமி இல்லை.

ஆனி மாசக் கடைசியில ஒரு கவர் வந்துச்சு. சுதா பிரிச்சுப் படிச்சா. படிச்சுட்டு கவர் மேல இருந்த பேரைத் திரும்பப் பார்த்தா.

"என்னடி எழுதியிருக்கு?"

"அம்மா, போலீஸ் வந்து விசாரிச்சாங்களாம். இந்த அட்ரஸ்ல தனலட்சுமின்னு யாரும் இல்லைன்னு ரிப்போர்ட் கொடுத்திருக்காங்க. பைலை நிறுத்தி வெச்சிருக்காங்களாம்."

போலீஸ்காரர் ஒரு வேலை நாள்ல, மத்தியானத்துல வந்திருக்காரு. நான் பேக்டரியில. வீட்டுக்காரர் ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலையில. சுதா பதினொண்ணாவதுக்குப் புதுசா சேர்ந்த காலேஜ்ல. கதவு பூட்டியிருக்கு. அக்கம்பக்கத்துல 'தனலட்சுமி யாரு'ன்னு கேட்டிருக்காரு. எங்க வரிசையில எல்லாருக்கும் நான் சுதா அம்மா. பதினாறு வருஷமா சுதா அம்மா. தனலட்சுமின்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியுமா? கேட்டவர் மேலயும் தப்பில்லை.

அந்த வாரமே மெடிக்கல் ஷாப்புக்குப் போன் வந்துச்சு. மஞ்சுவுக்குக் கையில நரம்பு அடைச்சுப் போய், கழுத்துல ட்யூப் வெச்சு டயாலிசிஸ் பண்றாங்க, அதுல ரெண்டாவது தடவையா இன்பெக்ஷன் வந்துடுச்சு, இன்னும் தள்ளிப் போட்டா உடம்பு ஆபரேஷனைத் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாருன்னு குமரேசன் சொன்னாரு. அப்புறம் மஞ்சு பேசினா. குரலே இல்லை.

"அக்கா, நீ அலையாதே. பேக்டரி வேலையை விட்டுடாதே. சுதாவைப் பாரு. எனக்கு இவ்வளவுதான்னு இருந்தா என்ன பண்றது."

தையல் மெஷின் ஊசி ஒரு தடவை என் விரல்ல ஏறி அந்தப் பக்கம் வந்திருக்கு. அது கூட இப்படி வலிக்கலை.

இங்க உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். இந்தக் கோயிலுக்கு நான் சின்ன வயசுல இருந்து வர்றவ. விளக்கு வெப்பேன், கூழ் ஊத்துவேன், பொங்கல் வெப்பேன். ஆனா மாரியம்மாகிட்ட எதையும் கேக்க மாட்டேன். எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ, இருபது வயசுல, இதே வாசல்ல ஈரப் புடவையோட உருண்டு வந்து கேட்டவ நான். அம்மா பொழைக்கலை. அன்னிக்கோட கேக்கறதை நிறுத்திட்டேன். கும்பிடுவேன், கேக்க மாட்டேன். கோபம்னு சொல்ல முடியாது. இன்னொரு தடவை இல்லைன்னு பதில் வந்தா தாங்க மாட்டேன்னு பயம்.

ஆடி முதல் வெள்ளி. காலையில ஷிப்டுக்குக் கிளம்பினவ, என்னமோ பஸ் ஏறலை. கால் இங்க இழுத்துட்டு வந்துச்சு. கூட்டம் இன்னும் வரலை. பூசாரி அபிஷேகத்துக்குத் தண்ணி தூக்கிட்டு இருந்தாரு. அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்துல உக்காந்தேன். சுலோகம் எல்லாம் எனக்குத் தெரியாது. பேசினேன்.

"தாயே, உனக்கு ஆயிரம் பேரு. மாரின்னாலும் நீதான், முத்துமாரின்னாலும் நீதான், எல்லம்மான்னாலும் நீதான்னு ஊருக்கே தெரியுது. எனக்கு இருக்கிறது ஒரு பேரு. அது நான்தான்னு யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. எங்கப்பன் பேரு எங்கப்பன்தான்னு யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீயாவது சொல்லு. இருபது வருஷத்துக்கு முன்னால கேட்டப்போ இல்லைன்னுட்டே. திரும்பக் கேக்கறேன். என் மஞ்சுவைக் கொடு."

அவ்வளவுதான் கேட்டேன். மணி தானா அடிக்கலை. பூ விழலை. யாரும் சாமி வந்து ஆடலை. பூசாரி ஒரு எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொடுத்தாரு, எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி. ஆனா எழுந்து வாசல் தாண்டுறப்போ மனசுல ஒரு நெனப்பு வந்துச்சு. உன்னை இல்லைன்னு எழுதினது யாரோ அவரையே போய்ப் பாரு. இது என் புத்தியில தோணக்கூடிய விஷயமே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சவ இல்லை நான். எங்க குடும்பத்துல போலீஸைப் பார்த்தா எதிர்ப் பக்கம் போவோம்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரர் வேண்டாம்னாரு. "இருக்கிற சிக்கல் போதாதா?"ன்னாரு. நான் எலுமிச்சம்பழத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஸ்டேஷன்ல விசாரிச்சு, எங்க தெருவுக்கு வந்தவரைக் காட்டினாங்க. ஹெட் கான்ஸ்டபிள், பேரு நஞ்சுண்டப்பா. நரைச்ச மீசை, கண்ணாடி. முன்னால பைல் கட்டுக் கட்டா கிடக்கு. நான் சொன்னதைக் கேட்டுட்டு, நிமிர்ந்து பார்க்காமயே பேசினாரு. பாதி கன்னடம், பாதி தமிழ்.

"நான் பந்தித்தே அம்மா. வீடு பூட்டியிருந்துது. நாலு பேரைக் கேட்டேன். யாருக்கும் கொத்தில்லா. ரிப்போர்ட் மேல போயாச்சு. என் கையில ஏனூ இல்லா." வந்து பார்த்தேன், யாருக்கும் தெரியலை, என் கையில ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரு.

"சரிங்க சார்"னு சொல்லிட்டு அங்கயே பெஞ்சுல உக்காந்தேன். வேற எங்க போறதுன்னு தெரியலை, அதான் உக்காந்தேன். பத்து மணி இருக்கும். பன்னெண்டாச்சு. ரெண்டாச்சு. போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்க்கிறாங்க. எனக்கு வெக்கம் எல்லாம் போயிடுச்சு. மனசுக்குள்ள அம்மா, அம்மான்னு மட்டும் ஓடுது. மூணு மணிக்கு அவரு சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, என் எதிர்ல நின்னாரு.

"ஏனம்மா, இன்னும் போகலியா? அப்படி என்ன அவசரம் உனக்கு பாஸ்போர்ட்டு? கல்ஃபுக்கு வேலைக்கா?"

"இல்லை சார். தங்கச்சிக்கு கிட்னி கொடுக்கப் போகணும்."

நிஜமா கிட்னி கொடுக்கிறியான்னு ரெண்டு தடவை கேட்டாரு. வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்புறம் தொப்பியை எடுத்து மாட்டினாரு. "நடி. வீட்டைத் தோரிசு"ன்னாரு. நட, வீட்டைக் காட்டுன்னு அர்த்தம்.

அவரு மோட்டார் சைக்கிள்ல முன்னால போனாரு. நான் ஓட்டமும் நடையுமா பின்னால போனேன். எங்க சந்துக்குள்ள போலீஸைப் பார்த்ததும் எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. அவரு வேணும்னே பழையபடி கேட்டாரு, "இங்க தனலட்சுமி யாரு?" ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அப்புறம் என்னைக் காட்டி, "இவங்க யாரு?"ன்னாரு.

"இவங்களா, சுதா அம்மா சார். பதினாறு வருஷமா இங்கதான் இருக்காங்க"ன்னு எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க. சொல்லிட்டு, அவங்களுக்கே விஷயம் புரிஞ்சு, வாயில முந்தானையை வெச்சுக்கிட்டாங்க. நஞ்சுண்டப்பா சிரிச்சுட்டாரு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அத்தனை மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சேன்.

அக்கம்பக்கம் நாலு பேர்கிட்ட எழுதி வாங்கினாரு. வீட்டுக்குள்ள வந்து உக்காந்து தண்ணி குடிச்சாரு. என் பேப்பரை எல்லாம் பார்த்து, "அட்ரஸ் விஷயம் நான் சரி பண்றேன். ஆனா இந்த அப்பா பேரு என்ன பண்ணுவே?"ன்னாரு. எனக்கும் தெரியலை சார்னு சொன்னேன்.

அப்போ அவரு செவுத்தைப் பார்த்தாரு. எங்கப்பா போட்டோ ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்கு. வேலை செஞ்ச இடத்துல பத்து இருபது பேர் சேர்ந்து எடுத்தது. காக்கி அரைக்கை சட்டை, பின்னால பெரிய கேட்டு. அப்பா மிலிட்டரி டிப்போ ஒண்ணுல மஸ்தூரா இருந்தவரு. மூட்டை தூக்கறது, லாரியில ஏத்தறது. குடிப் பழக்கம். யாரோடயோ சண்டை போட்டு, பென்ஷன் வர்றதுக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டாரு. அதனால அந்த டிப்போவை நாங்க யாருமே நெனைக்கறதில்லை.

நஞ்சுண்டப்பா எழுந்து போட்டோ கிட்ட போனாரு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தாரு.

"இது டிப்போ கேட்டு அல்வா?"ன்னாரு. டிப்போ கேட்டு இல்லையான்னு அர்த்தம்.

"ஆமா சார். எங்கப்பா அங்கதான் இருந்தாரு."

"எங்கப்பாவும் அங்கதான் இருந்தாரு"ன்னாரு. "கேளம்மா. பர்மனெண்ட் ஆளா இருந்தா சர்வீஸ் புக் இருக்கும். அதுல பேமிலின்னு ஒரு பக்கம். ஹெண்டதி, மக்களு, பொண்டாட்டி பிள்ளைங்க எல்லார் பேரும் எழுதணும். நாங்க அஞ்சு பேர் பேரும் எங்கப்பா புக்குல இருந்துது. மிலிட்டரிக்காரங்க பேப்பரைத் தூக்கிப் போட மாட்டாங்க. போய்க் கேளு."

நேத்து காலையில தூணுக்குப் பக்கத்துல உக்காந்து 'நீயாவது சொல்லு'ன்னு கேட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுக்குள்ள நின்னு ஒருத்தர் சொல்றாரு. என்னை இல்லைன்னு எழுதின அதே மனுஷன்.

திங்கக்கிழமை டிப்போ வாசல்ல நின்னேன். உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. புதன்கிழமை போனேன், பெரியவர் லீவு. அடுத்த திங்கள் உள்ள விட்டாங்க. ரிக்கார்டு ரூம்ல ஒரு மலையாளி அம்மா இருந்தாங்க. என் லெட்டரைப் படிச்சதுல இருந்து அவங்களே ரெண்டு நாள் தேடியிருக்காங்க. மேஜை மேல ஒரு நைஞ்சு போன புக்கைத் துணியால துடைச்சு வெச்சிருந்தாங்க. ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாங்க. இங்கிலீஷ்ல இருந்ததை அவங்களே படிச்சுச் சொன்னாங்க.

"பேரு முனுசாமி. மனைவி கன்னியம்மாள். மகள் தனலட்சுமி, வயசு ஒம்பது. மகள் மஞ்சுளா, வயசு ஒண்ணு. எனக்கு ஏதாவது ஆனா சேர வேண்டியது இவங்க மூணு பேருக்கும்."

கீழ தமிழ்ல கையெழுத்து. மு. முனுசாமி. எழுத்து ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயுமா இருக்கு. எங்கப்பாவுக்கு எழுதத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

ஒரு விஷயம் சொல்றேன். அப்பா மேல எனக்கு மனசுல மரியாதை இல்லை. குடிச்சுட்டு வருவாரு, அம்மாவை அடிப்பாரு, எங்களுக்குன்னு ஒண்ணும் வெச்சுட்டுப் போகலைன்னு சாகற வரைக்கும் திட்டியிருக்கேன், செத்தப்புறமும் திட்டியிருக்கேன். அவரு ஒரு நாள் அந்த ஆபீஸ்ல உக்காந்து, எங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லி எழுத வெச்சு, கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அந்த ஒரு கையெழுத்துதான் முப்பது வருஷம் கழிச்சு அவரோட சின்னப் பொண்ணு உயிரைக் காப்பாத்தினது. அந்த மேஜையிலயே தலையைக் கவுத்து அழுதேன். அந்த மலையாளி அம்மா ஒண்ணும் கேக்காம என் முதுகைத் தடவிக் கொடுத்தாங்க.

அதுக்கப்புறம் எல்லாம் தண்ணி ஓடின மாதிரி ஓடுச்சு. டிப்போவுல சீல் வெச்ச காப்பி கொடுத்தாங்க. முனிசாமப்பாவும் முனுசாமியும் ஒரே ஆளுன்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் போட்டோம். நஞ்சுண்டப்பா புது ரிப்போர்ட்டைத் தானே கையோட எடுத்துட்டுப் போய்க் கொடுத்ததா அப்புறம் தெரிஞ்சுது. பாஸ்போர்ட் ஆபீஸ்ல அதே கவுண்டர்காரர் சர்வீஸ் புக் காப்பியைப் பார்த்துட்டு, "இது போதும்மா, இதுக்கு மேல என்ன வேணும்"னாரு.

ஆவணி பொறந்து பத்து நாள்ல தபால்காரர் கொண்டு வந்து கொடுத்துட்டாரு. கருநீல அட்டை. பிரிச்சா என் மூஞ்சி, நெத்தியில பெரிய குங்குமம், பயந்து போன கண்ணு. வீட்டுக்காரர் அதை வாங்கி சாமி படத்துக்கிட்ட வெச்சாரு. ராத்திரி பூரா அவரு ரெண்டு மூணு தடவை எழுந்து போய் அது இருக்கான்னு பார்த்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தாரு.

விசா, டிக்கெட்டு எல்லாம் குமரேசன் பார்த்துக்கிட்டாரு. முதல் தடவையா ஏரோபிளேன் ஏறினேன். பயப்படக்கூட எனக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில மஞ்சுவைப் பார்த்ததும் அடையாளமே தெரியலை. கருத்து, மூஞ்சி வீங்கி, முடி கொட்டிப் போய் இருந்தா. "வந்துட்டியா அக்கா"ன்னு மட்டும் சொன்னா.

கமிட்டியில மூணு பேர் உக்காந்திருந்தாங்க, தமிழ் தெரிஞ்ச ஒரு நர்ஸ் மொழிபெயர்த்தாங்க. பேப்பரை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. அப்பா பேரு, அம்மா பேரு, எல்லாம் ஒண்ணு. பணம் வாங்கினீங்களா, யாராவது மிரட்டினாங்களான்னு கேட்டாங்க. ஏன் கொடுக்கறீங்கன்னு கடைசியா கேட்டாங்க. "அவளுக்கு நான்தானே சோறு ஊட்டினேன்"னு சொன்னேன். நர்ஸ் அதை அப்படியே அவங்க பாஷையில சொன்னதும், மூணு பேரும் சரின்னு கையெழுத்துப் போட்டாங்க.

புரட்டாசியில ஆபரேஷன். கண்ணு முழிச்சப்போ இடுப்புப் பக்கம் நெருப்பு வெச்ச மாதிரி வலி. மஞ்சு எப்படி இருக்கான்னு கேட்டேன். அந்தத் தமிழ் நர்ஸ் குனிஞ்சு காதுல சொன்னாங்க, "அக்கா, உங்க கிட்னி உள்ள வெச்ச உடனே வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. பை நிறைய மூத்திரம் வந்திருக்கு." சிரிக்காதீங்க. ஒரு வருஷமா ஒரு சொட்டு வராம கிடந்தவ அவ. உலகத்துல இருக்கிற எந்த நல்ல சேதியும் அன்னிக்கு எனக்கு அதுக்கு ஈடாகாது. மெடிக்கல் ஷாப்புக்குப் போன் பண்ணி வீட்டுக்காரருக்குச் சொன்னாங்களாம். அவரு கடை வாசல்லயே உக்காந்து அழுதாருன்னு சுதா பின்னால சொன்னா.

மூணு மாசம் கழிச்சு வேலைக்குப் போனேன். மெஷின்ல இருந்து மாத்தி, துணி செக்கிங்குல போட்டாங்க. ஒரு கிட்னியோட நல்லாத்தான் இருக்கேன். வருஷம் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டறேன். அப்பா போட்டோவுக்கு வெள்ளிக்கிழமை பூ வெக்கறேன், முன்னால வெச்சதில்லை. நஞ்சுண்டப்பா சாருக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டு, அப்புறம் ஒரே ஒரு துண்டு எடுத்துக்கிட்டாரு. நம்ம சந்துல இப்போ யாராவது ஸ்கூல் சேர்க்க, ரேஷன் கார்டு எடுக்கன்னு போனா, சுதாவும் நானும் கூடப் போறோம். பேரு சரியா எழுதியிருக்கான்னு ஒவ்வொரு எழுத்தாப் பார்க்கிறோம்.

எங்கம்மாவுக்காக நான் கேட்டப்போ மாரியம்மா ஏன் கொடுக்கலைன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். ஆனா அதுக்காக இருபது வருஷம் கேக்காம இருந்தேன் பாருங்க, அது என் தப்பு. உங்கள்ல யாராவது அப்படி மனசு விட்டுப் போய் இருந்தா, இன்னிக்குக் கேளுங்க. அழகா கேக்கத் தெரிய வேண்டாம். உங்க பேச்சுல கேளுங்க. கேட்டுட்டு, மறுநாள் காலையில எழுந்து எங்க போகணுமோ அங்க போங்க. எனக்கு அவ காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா. உங்களுக்கு எப்படி வருவான்னு சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்தா தண்ணி கொடுத்து உக்கார வையுங்க.

பேச்சு நீண்டு போச்சு. அங்க கூழ் அண்டா பக்கத்துல நீலப் புடவை கட்டிக்கிட்டு கரண்டியோட நிக்கிறாளே, அவதான் என் தங்கச்சி மஞ்சுளா. நேத்துதான் சிங்கப்பூர்ல இருந்து வந்தா. என்னைப் பத்திப் பேசினது போதும், கூழ் ஆறிடும்னு கண்ணாலயே சொல்றா. எல்லாரும் போய் அவ கையால ஒரு டம்ளர் வாங்கிக் குடிங்க.